ரோம் என்று போட்டிருக்கும், இறக்கிவிடும் ஊர் வேறு

இரண்டு மாதத்துக்கு முன் இதே பகுதியில், நானும் வீட்டம்மாவும் பார்சிலோனாவில் கப்பலேறி ஏழு இரவு மத்தியதரைக் கடலைச் சுற்றிவிட்டு வந்ததைப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆறு உண்டு, அணை உண்டு, கடல்தான் கிடையாது. அதனாலோ என்னவோ கப்பல் என்றால் நம்மவர்களுக்குத் தனி ஆசை. சரி, இந்த முறை முழுக்கக் கப்பல்தான்.

கேள்வி: எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு மகனும் மகளும் சேர்ந்து பத்து இரவு கப்பல் பயணம் ஏற்பாடு செய்கிறார்கள். டூர் கம்பெனி நோட்டீஸில் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ், ஏதென்ஸ் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. இத்தனை ஊரையும் நிஜமாகவே பார்க்க முடியுமா? (மாங்காய் மண்டிக்காரர், கிருஷ்ணகிரி)

பதில்: முதலில் வாழ்த்துகள் ஐயா. நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் துறைமுகப் பெயரையும் மணியையும் படியுங்கள். ரோம் நகரம் கடற்கரையில் இல்லை. கப்பல் நிற்பது சிவிடவெக்கியா என்ற ஊரில், அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். ஃப்ளோரன்ஸ் என்றால் லிவோர்னோவில் நிற்கும், அது சுமார் 90 கிலோமீட்டர். பெங்களூர் என்று டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு உங்கள் ஊர் மேம்பாலத்தடியில் இறக்கிவிடுகிற கதைதான். இதை மோசடி என்றும் சொல்ல முடியாது, சிவிடவெக்கியா துறைமுகத்தை டிராஜன் என்ற ரோமப் பேரரசர் கட்டியே சுமார் 1900 வருஷம் ஆகிறது, ரோமுக்கு ஒரு வாசல் அப்போதிருந்தே அங்கே உண்டு.

வெனிஸ் கதை இன்னும் மோசம். அந்த ஊர்க் கால்வாய்க்குள் பெரிய கப்பல்கள் நுழைந்து அலையால் பழைய கட்டடங்களின் அஸ்திவாரம் கெடுகிறது என்று வருஷக்கணக்கில் சண்டை நடந்து, 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை இத்தாலி அரசு ஊர் முகப்புக்கு வரவிடாமல் தடுத்துவிட்டது. நீங்கள் போகும் கப்பல் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியிருக்கும். அதனால் மார்கேரா, ட்ரியஸ்டே, ரவென்னா என்று எங்காவது நிறுத்துவார்கள். ரவென்னா என்று போட்டிருந்தால் என் யோசனை, வெனிஸுக்குப் பஸ்ஸில் போக வரவே நாளில் பாதி தீர்ந்துவிடும், பேசாமல் ரவென்னாவையே பாருங்கள். 5, 6ஆம் நூற்றாண்டு தேவாலயங்களில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் சுவரெல்லாம் படம் செய்திருக்கிறார்கள், கூட்டமும் குறைவு.

ஏதென்ஸ் மட்டும் பரவாயில்லை, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மெட்ரோவிலேயே போய்விடலாம்.

இப்போது மணிக்கணக்கு பாருங்கள். காலை ஏழுக்குக் கப்பல் கரை சேர்ந்தால் நீங்கள் இறங்க எட்டாகும். மாலை ஆறுக்குக் கிளம்பினால் ஐந்தரைக்குள் ஏறியாக வேண்டும். ரோமுக்குப் போக வர மூன்று மணி நேரம், நேரமாகிவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு மணி நேரம், இதெல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஐந்தரை மணி நேரம்தான். அதில் கொலோசியம் அல்லது வாட்டிகன், இரண்டில் ஒன்று. (வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள். கப்பல் எந்தக் கிழமை வருகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.) நான் ஆசைப்பட்டு லிவோர்னோவிலிருந்து ஃப்ளோரன்ஸுக்குச் சொந்தமாக ரயிலில் போய், மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலைக்கு முன்பதிவு செய்யாமல் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, சிலையைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ஓட்டமாக ஓடி வந்தேன். கப்பல் படியைத் தூக்க இருபது நிமிஷம் பாக்கி. வீட்டம்மா ராத்திரி சாப்பாடு வரைக்கும் என்னோடு பேசவில்லை.

கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால் விலை கூடுதல், ஆனால் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பாடு. சொந்தமாகப் போய்த் தாமதமானால் கப்பல் போயே போய்விடும். உங்கள் வயதுக்கு ரோமுக்கு மட்டும் அவர்கள் பஸ்ஸில் போங்கள், நேப்பிள்ஸ், ஜெனோவா, மால்டாவின் வலேட்டா மாதிரி ஊர்களில் இறங்கினால் எதிரிலேயே ஊர் இருக்கும், மெதுவாக நடந்தே பார்க்கலாம். திட்டத்தில் வலேட்டா இருந்தால் அன்று மட்டும் அலாரம் வைத்து விடிவதற்கு முன் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். 1565இல் துருக்கியர் முற்றுகையைச் சமாளித்த கையோடு, மறுவருஷமே புனித யோவான் சபை வீரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை நகரம் அது. இரண்டு பக்கமும் தேன் நிறக் கல் மதில்கள், நடுவே கப்பல் ஊர்ந்துதான் நுழையும். நானும் எத்தனையோ கோட்டை பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

கேள்வி: விசா எந்த நாட்டுக்குப் போடுவது? நாங்கள் போகும் கப்பல் துருக்கியையும் தொடுகிறது. (ஆசிரியை, பாலக்கோடு)

பதில்: ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா, கிரீஸ் எல்லாவற்றுக்கும் ஷெங்கன் விசா ஒன்றே போதும், 2023 முதல் குரோஷியாவும் அதில் சேர்ந்துவிட்டது. அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும், எல்லாம் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே வாங்குவார்கள், கடைசி நேரம் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பெங்களூர் கிட்டத்தில் இருக்கிறதே என்று பலர் அங்கே கிளம்பிவிடுகிறார்கள், சில நாடுகள் உங்கள் முகவரி எந்த மாநிலம் என்று பார்த்துத்தான் வாங்கும், அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கவனியுங்கள்.

துருக்கிதான் சிக்கல் அம்மா. துருக்கியும் மாண்டினீக்ரோவும் ஷெங்கனில் இல்லை. கப்பல் அங்கே போய்விட்டுத் திரும்பக் கிரீஸுக்கு வந்தால் நீங்கள் ஷெங்கனைவிட்டு வெளியே போய் மறுபடி நுழைவதாகக் கணக்கு. அதனால் பலமுறை நுழையும் விசாவே கேளுங்கள். துருக்கிக்குத் தனி அனுமதி வேண்டுமா என்பதை டூர் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். ஷெங்கன் விசா கையில் இருந்தால் ஆன்லைனிலேயே இ-விசா எடுத்துவிடலாம். இவ்வளவு தொந்தரவுக்கும் பலன் உண்டு. குசாதாசி என்ற துருக்கித் துறைமுகத்தில் இறங்கினால் எபேசஸ் என்ற பழங்கால நகரம் கிட்டத்தில், சரித்திரம் நடத்துகிறவர்களுக்கு அந்த இடிந்த நூலகத்தின் முகப்பு ஒன்றே போதும்.

கேள்வி: ஒகேனக்கல் பரிசலிலேயே எனக்குத் தலை சுற்றும். கப்பல் தாங்குமா? (பென்னாகரம்)

பதில்: பரிசல் தன்னைத்தானே சுற்றும், சுற்றாவிட்டாலும் பரிசல்காரர் சும்மா இருக்கமாட்டார், ஜாலிக்கு நாலு சுற்று சுற்றிவிடுவார். முந்நூறு மீட்டர் நீளக் கப்பலுக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது. இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் துடுப்பு மாதிரி இறக்கைகள் இருக்கும், ஆட்டத்தைக் குறைக்கும். கோடையில் அந்தக் கடலும் பெரும்பாலும் சாதுதான், தெற்கு பிரான்ஸ் பக்கம் மிஸ்ட்ரல் என்ற வடகாற்று கிளம்பினால் மட்டும் ஆடும். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள், ஆட்டம் குறைவு, விலையும் குறைவு. மாத்திரையை டாக்டரைக் கேட்டு எடுத்துப் போங்கள்.

உங்களைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது டெண்டர் படகை. சாண்டோரினி மாதிரி இடங்களில் கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அங்கே இறங்கிய பிறகு ஊர் மலை உச்சியில், ஏறுவதற்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி, இல்லாவிட்டால் ரோப் கார். கழுதையும் கிடைக்கும், அதன் முகத்தைப் பார்த்தபின் எனக்கு ஏற மனசு வரவில்லை.

இன்னொன்று, முதல் நாள் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் இத்தாலியின் ஜீலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய பல நூறு பேருக்கு ஒத்திகையே நடக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்பும்போதே ஒத்திகை முடிந்திருக்க வேண்டும் என்று விதியைக் கடுமையாக்கினார்கள்.

கேள்வி: சுத்த சைவம் நாங்கள். சோறு கிடைக்குமா? அங்கே இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு பெட்டி செந்தூரா மாம்பழம் எடுத்துப் போகலாமா? (காவேரிப்பட்டணம்)

பதில்: முன்பதிவிலேயே சைவம் என்று குறிப்பிட்டு, முதல் நாள் இரவு சாப்பாட்டுக்கூட மேற்பார்வையாளரைப் பிடித்து முட்டை, மீன் எதுவும் ஆகாது என்று விளக்கமாகச் சொல்லிவிடுங்கள். சமையல்கட்டில் நம் நாட்டுக்காரர்கள் இல்லாத கப்பல் அபூர்வம், பருப்பும் சோறும் வந்துவிடும். களிக்கும் கடலைச் சட்னிக்கும் ஆசைப்படக் கூடாது. இட்லிப் பொடி, ஊறுகாய் கொண்டு போகலாம். நெய், பால்கோவா கூடாது, பால் சம்பந்தப்பட்ட எதையும் வெளியிலிருந்து வரும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. அப்புறம் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, குட்டி ரைஸ் குக்கர் எதையும் கப்பலில் ஏற்றவிடமாட்டார்கள், தீப் பயம்.

மாம்பழம், ம்ஹூம். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டூரியன், இந்த ஐந்தைத் தவிர எந்தப் பழத்துக்கும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். பழ ஈ வந்தது என்று 2014இல் நம் நாட்டு மாம்பழத்தையே மொத்தமாக நிறுத்திவைத்து அடுத்த வருஷம்தான் விட்டார்கள். பெட்டியோடு போய் ஏர்போர்ட்டில் குப்பைத்தொட்டியில் போடுவதைப் பார்க்கும் தெம்பு காவேரிப்பட்டணத்துக்காரர் யாருக்கும் இருக்காது.

கேள்வி: கிரானைட் பட்டறை வைத்திருக்கிறேன். கல் தொழில்காரனுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? (பர்கூர்)

பதில்: லா ஸ்பெசியா துறைமுகம் உங்கள் திட்டத்தில் இருந்தால் எல்லாரும் ஃப்ளோரன்ஸுக்கு ஓடும்போது நீங்கள் கர்ராராவுக்கு ஒரு டாக்ஸி பிடியுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலையில் பனி விழுந்த மாதிரி இருக்கும், அது பனி கிடையாது, மார்பிள். ரோமானியர் காலத்திலிருந்து வெட்டுகிறார்கள், நான் வரிசையில் நின்று பார்த்த டேவிட் சிலையும் இந்த மலைக் கல்தான். குவாரிக்குள்ளேயே வண்டியில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். பிளாக் வெட்டும் வைரக் கம்பியைப் பார்த்தால் நம் ஊருக்கு வந்துவிட்ட மாதிரிதான் இருக்கும்.

கேள்வி: மான்டே கார்லோ சும்மா பணக்காரர்கள் கும்மாளம்தானே? எனக்கு அங்கே என்ன வேலை? (ஓசூர், கம்பெனி வேலையில் இருக்கும் இளைஞர்)

பதில்: தம்பி, மான்டே கார்லோ இருக்கும் மொனாக்கோ மொத்த நாடே இரண்டு சதுர கிலோமீட்டர்தான், ஓசூர் சிப்காட்டைச் சுற்றி வந்த காலுக்கு அது ஒரு நடைக்குக் காணாது. 1929 முதல் கார் பந்தயம் நடக்கும் பாதை அந்த ஊர்ச் சாதாரணத் தெருக்கள்தான், 3.3 கிலோமீட்டர், முழுச் சுற்றையும் காசில்லாமல் நடக்கலாம், அந்தக் கொண்டையூசி வளைவில் நின்று படம் எடுக்கலாம். கேசினோ கட்டடம் பாரிஸ் ஓபரா அரங்கைக் கட்டிய சார்ல் கார்னியே வடிவமைத்தது, வெளியிலிருந்து பார்க்கவே போதும். மொனாக்கோ குடிமக்கள் அங்கே சூதாடக் கூடாது என்பது சட்டம், தோற்கும் பணமெல்லாம் வெளியூர்க்காரன் பணம். கெட்டிக்காரர்கள்! ஒரு காபியின் விலையைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

கேள்வி: தகடூர்க்காரர்களுக்கும் அந்த ஊர்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தர்மபுரி)

பதில்: ஐயா, உங்கள் தர்மபுரியின் பழைய பெயரான தகடூர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாது, தமிழ்நாட்டுக்கு நிறைய உண்டு. கரூர், கோயம்புத்தூர்ப் பக்கம் ரோமக் காசுகள் கிடைத்திருக்கின்றன, புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்பு மண்பாண்டம் கிடைத்திருக்கிறது. எல்லாம் மிளகும் முத்தும் செய்த வேலை. இந்தியச் சரக்குக்காக வருஷாவருஷம் ரோமின் பணம் போகிறதே, வெறும் காரத்துக்காகவா இந்த மிளகை இப்படி விரும்புகிறார்கள் என்று பிளினி என்ற ரோமானியர் புலம்பி வைத்திருக்கிறார். அவர் நேப்பிள்ஸ் வளைகுடாவில் கடற்படைத் தளபதி. கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பலோடு போய் அங்கேயே இறந்துபோனார்.

அந்த வெடிப்பில் புதைந்த பாம்பேயில் 1938இல் ஒரு யானைத் தந்தப் பெண் சிலை கிடைத்தது, ஒரு சாண் உயரம்தான், நம் நாட்டு வேலைப்பாடு. பாம்பேய் லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள், யட்சியாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டுச் சிலை என்று நாம் கொண்டாட முடியாது, மகாராஷ்டிரத்தின் போகர்தனில் கிடைத்த சிலையோடுதான் ஒப்பிடுகிறார்கள். இருந்தாலும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் அத்தனை வெள்ளைப் பளிங்குச் சிலைகளுக்கு நடுவே ஒட்டியாணமும் கைநிறைய வளையலுமாக அவள் நிற்பதைப் பார்த்ததும் வீட்டம்மா சத்தமாக “நம்ம ஊர்ப் பொண்ணு!” என்றாள், காவலர் திரும்பிப் பார்த்தார்.

கேள்வி: டிக்கெட்டுக்கு மேல் என்ன செலவு வரும்? ஒளிக்காமல் சொல்லவும். (அரூர்)

பதில்: டிப்ஸ் என்று ஆளுக்கு நாளுக்குப் பத்து, பதினைந்து யூரோ அவர்களே கணக்கில் ஏற்றுவார்கள், சேர்ந்ததா இல்லையா என்று முதலிலேயே கேளுங்கள். குளிர்பானம், வைஃபை, கரைச் சுற்றுலா எல்லாம் தனி. இங்கே டூர் பணம் கட்டும்போது டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பெரிய அடி எனக்கு போனில் விழுந்தது. நடுக்கடலில் பேத்தியோடு வீட்டம்மா ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தாள், போன் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்திருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. ஊர் திரும்பியதும் வந்த பில்லில் பேத்திக்கு ஒரு ஜோடிக் கம்மல் எடுத்திருக்கலாம். கப்பலில் கால் வைத்ததும் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: திரும்பவும் போவீர்களா? (மத்தூர்)

பதில்: வீட்டம்மாவைக் கேட்டேன். “ஃப்ளோரன்ஸ் இல்லாத கப்பலாப் பாருங்க” என்றாள்.