மரமஞ்சள் காப்சூல் எடையைக் குறைக்குமா?

கேள்வி: என் அக்காவுக்கு 46 வயது, எடை 82 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் குடல் பாக்டீரியாவைச் சீராக்கி உடம்பைக் குறைக்கும், அது ‘இயற்கை ஓசெம்பிக்’ (ஓசெம்பிக் என்பது எடையையும் குறைக்கும் சர்க்கரை நோய் ஊசி மருந்து) என்று விளம்பரம் பார்த்து, 1,850 ரூபாய்க்கு 60 காப்சூல் வரவழைத்திருக்கிறார். டப்பாவின் படம் இணைத்துள்ளேன். சாப்பிடலாமா?

பதில்: அவருடைய மருத்துவர் பார்க்கும்வரை ஒரு காப்சூலும் வேண்டாம். டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பெர்பெரினே இரத்தச் சர்க்கரையை இறக்கக்கூடியது. மெட்ஃபார்மினோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். இரண்டுமே வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இதைத் தொடவே கூடாது.

குடல் பாக்டீரியா பற்றிய பேச்சு கட்டுக்கதை அல்ல. விழுங்கும் பெர்பெரினில் ஒரு சதவீதம்கூட இரத்தத்தில் சேர்வதில்லை. பெரும்பகுதி குடலிலேயே தங்க, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை எளிதில் உறிஞ்சக்கூடிய வேறு வடிவமாக மாற்றுகின்றன. பதிலுக்கு அதுவும் சில பாக்டீரியாக்களை அடக்கி, சிலவற்றை வளரவிடுகிறது. ஆனால் பாக்டீரியா மாறியதாலேயே இடுப்பு குறைந்துவிடாது. மனிதர்களிடம் நடந்த சிறிய ஆய்வுகளில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் வரை மூன்று மாதம் சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 2 கிலோதான் குறைந்தது. ஓசெம்பிக்கில் உள்ள செமாக்ளூடைடு, எடைக் குறைப்புக்கான அளவில் ஊசியாகப் போடப்பட்டபோது, 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தது. இரண்டையும் ஒரே பெயரில் விற்பது வாங்குகிறவரை ஏமாற்றும் வேலை. இதில் எனக்குக் கோபமே வருகிறது.

இப்போது டப்பாவுக்கு வருவோம். முகப்பில் ‘மரமஞ்சள் சாறு 500 மி.கி.’ என்று பெரிதாக இருக்கிறது. அதில் பெர்பெரின் எவ்வளவு? எங்கும் இல்லை. பின்புறம், ஓரத்தில், கடுகு அளவு எழுத்தில் ‘மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பக்கவாட்டிலோ ‘சர்க்கரை நோய்க்கும் சிறந்தது’ என்கிறார்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது உணவுத் தொழிலுக்கான உரிமம். எடை குறையும் என்பதற்கு யாரும் கொடுத்த சான்று அல்ல.

விற்பனைத் தளத்தில் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் பில்லையும் விளம்பரப் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அக்கா ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தால் உடனே நிறுத்திவிட்டு, டப்பாவோடு மருத்துவரைப் பார்க்கட்டும்.