வெளிமாநில ஆஸ்பத்திரி ரெக்கார்டு நம்மூர் கோர்ட்டில் செல்லுமா? கேள்வி பதில்

வணக்கம். நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் 22 ஆண்டுகளாக மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறேன். எங்கள் ஊர் லாரி போகாத மாநிலம் இல்லை. அதனால் என் கட்டுகளில் கர்நூல், சோலாப்பூர், நாக்பூர் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் நிறைய. இந்த விஷயத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். சோலாப்பூர் பக்கத்தில் விபத்தாகி அங்கேயே 19 நாள் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். இங்கே கேஸ் போடலாமா? மகாராஷ்டிரா அரசிடம் அட்டெஸ்டேஷன் வாங்கணும் என்கிறார்களே? (நாமக்கல்)

போடலாம் அம்மா. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். எந்த அரசின் அட்டெஸ்டேஷனும் வேண்டாம். சாட்சியச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். சோலாப்பூர் கேஸ் ஷீட்டுக்கும் (சிகிச்சைப் பதிவேடு) சேலம் கேஸ் ஷீட்டுக்கும் அதில் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் எல்லாம் தூரத்தில் வருகிறது. அந்தக் காகிதத்தைப் பற்றிக் கூண்டில் ஏறிப் பேச ஆள் யார் என்பதே கேள்வி.

டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும் மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், எக்ஸ்ரே, ஸ்கேன் பிலிம்கள், விபத்துப் பதிவேட்டு நகல் எல்லாம் வேண்டும். நாம் ஏ.ஆர். காப்பி என்பதை அங்கே எம்.எல்.சி. என்பார்கள், அப்படிக் கேளுங்கள். கிடைத்ததும் முதல் பக்கத்தில் விபத்து எப்படி நடந்தது என்று எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். மொழி தெரியாமல் யாரோ சொன்னதைக் கேட்டு ‘கீழே விழுந்தார்’ என்று எழுதியிருப்பார்கள். இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான்: வேறு வண்டியே மோதவில்லை, தானாக விழுந்த காயம் என்பார். வயதையும் பாருங்கள். ஆண்டு வருமான இழப்பை எத்தனையால் பெருக்குவது என்ற எண், அதாவது இழப்பீட்டுப் பெருக்கி, 35 என்றால் 16, 36 என்றால் 15. அட்மிஷன் சீட்டில் உத்தேசமாகப் போட்ட வயதை டிரைவிங் லைசென்ஸ் கொண்டு சரிக்கட்ட வேண்டியிருக்கும். தப்பு இருந்தால் நீங்கள் பேனா வைக்காதீர்கள். டாக்டரே திருத்திக் கையெழுத்திட வேண்டும்.

கேஸ் ஷீட் கேட்டால் கோர்ட் ஆர்டர் கொண்டு வா என்கிறார்கள். (ஓசூர்)

நோயாளி தன் பதிவேட்டைக் கேட்க கோர்ட் ஆர்டர் தேவையில்லை. மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், அந்த மனுவைப் பெற்றதற்கு ஆஸ்பத்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள். அதே விதிகளில் பதிவேட்டை வைத்திருக்கச் சொல்லும் காலம் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுதான். வழக்கு விசாரணைக்கு வருகிறபோது போய்க் கேட்டால் அழித்துவிட்டோம் என்ற பதில் வரலாம்.

ஜெராக்ஸை நோட்டரி அட்டெஸ்ட் செய்தால் செல்லுமா? (திருச்செங்கோடு)

அசலைப் போல நகல் இருக்கிறது என்பதற்கு மேல் நோட்டரியால் எதுவும் சொல்ல முடியாது. உள்ளே எழுதியது உண்மையா என்று அவருக்குத் தெரியாது.

ஆபரேஷன் செய்த டாக்டர் கர்நூலில். சாட்சி சொல்ல வர முடியாது என்கிறார். (சங்ககிரி)

முதலில் அவர் எதற்காக வேண்டும் என்று பிரித்துப் பாருங்கள். செலவுக்கு பில் பேசும். ஊனம் எவ்வளவு என்பதை இங்கே அரசு மருத்துவமனை மெடிக்கல் போர்டு அந்த எக்ஸ்ரேக்களை வைத்து நேரில் பார்த்துச் சொல்லலாம். காயமும் சிகிச்சையும் பற்றிய பதிவேட்டை எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால், டாக்டர் வராமலே, சம்மதத்தின் பேரில் சாட்சிய ஆவணமாகக் குறியீடு (மார்க்) செய்யலாம். 2010ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பாயங்களுக்குக் காட்டிய வழி இது. அப்படியும் டாக்டர்தான் வேண்டும் என்றால் கட்டாயப்படுத்துவதற்கு ஓர் எல்லை உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 16, விதி 19: 100 கிலோமீட்டருக்குள், அல்லது ஆறில் ஐந்து பங்கு தூரம் ரயில் போன்ற பொதுப் போக்குவரத்து இருந்தால் 500 கிலோமீட்டருக்குள் இருப்பவரைத்தான் நேரில் வரச் சொல்லலாம். இரு ஊருக்கும் இடையே விமானம் இருந்து, கட்டணமும் கட்டினால் அதற்கு அப்பாலும் அழைக்கலாம். பெங்களூர் டாக்டரைச் சேலத்துக்கு அழைக்க முடியும். கர்நூல் அப்படியில்லை.

இல்லையென்றால் ஆணை 26ன் கீழ் கமிஷன், அதாவது சாட்சியம் பதிய கோர்ட் ஓர் ஆளை நியமிக்கும்படி, கேளுங்கள். அவர் ஊரிலேயே சாட்சியம் பதிவாகும். இன்னும் நல்லது வீடியோ. 2003ல் மும்பைப் புற்றுநோய் சிகிச்சை வழக்கொன்றில், அமெரிக்காவில் இருந்த டாக்டரை வீடியோ வழியாக விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் கிரிமினல் வழக்கு. சென்னை உயர் நீதிமன்றமும் 2020ல் காணொலி விதிகள் கொண்டுவந்தது. கடல் தாண்டி இருந்த டாக்டருக்கே வழி இருந்தது, கர்நூலுக்கு இல்லாமல் போகாது. டாக்டரிடம் வீடியோ என்று சொல்லிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் எல்லாமே கம்ப்யூட்டர். பிரின்ட் அவுட்தான் தந்தார்கள். (ராசிபுரம்)

அது கம்ப்யூட்டரில் இருந்த பதிவின் நகல்தான் என்று சான்றிதழ் வேண்டும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு. புதிய படிவத்தில் இரண்டு பகுதி. ஏ பகுதி தரப்பினருக்கு, பி பகுதி நிபுணருக்கு. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்கென்றால் பழைய சட்டம்தான். ஆஸ்பத்திரி சான்றிதழ் தர மறுத்தால் கோர்ட்டில் மனு போட்டு வரவழைக்கலாம் என்று 2020ல் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு சொல்கிறது.

எம்.எல்.சி. தெலுங்கில் இருக்கிறது. (பள்ளிபாளையம்)

மொழிபெயர்ப்பையும் அசலையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். மொழிபெயர்த்தவரின் பிரமாணப் பத்திரம் அவசியம்.

நோட்டரி அட்டெஸ்டேஷன் வாங்கிவிட்டேன், இனி பிரச்சினை இல்லைதானே? (பரமத்தி)

மேலே திருச்செங்கோட்டுக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

அண்ணா, நானும் வக்கீல்தான். தீர்ப்பாயத்தில் மோட்டார் வாகனச் சட்டம் 169ஆம் பிரிவின்படி சுருக்க விசாரணை. சாட்சியச் சட்டம் கறாராகப் பொருந்தாதே? மக்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்? (ஈரோடு)

வாங்க தம்பி. பயமுறுத்தவில்லை. கறாராகப் பொருந்தாது என்பது சரி. ஆனால் ‘60 சதவீத ஊனம்’ என்று ஒரு காகிதம் மட்டும் வந்து, அதை எழுதியவர் வராவிட்டால், அந்த எண்ணை நீதிபதி அப்படியே எடுத்துக்கொள்வாரா? ராஜ்குமார் தீர்ப்பு இதைத்தான் எச்சரிக்கிறது. காலில் 60 என்பது முழு உடலுக்கு 60 ஆகாது, சம்பாத்திய இழப்புக்கும் 60 ஆகாது. அவர் லாரி ஓட்ட முடியுமா முடியாதா என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

ஆட்சேபம் இல்லாமல் மார்க் ஆன ஆவணத்தைப் பிறகு கேள்வி கேட்க முடியாதே? வெங்கடாசல கவுண்டர் வழக்கு, 2003. (மீண்டும் ஈரோடு)

நல்ல தீர்ப்பைப் பிடித்தீர்கள், நம் தமிழ்நாட்டுக் கோயில் வழக்கு. அது சொல்வது நிரூபிக்கும் முறையைப் பற்றி: அசல் எங்கே, எழுதியவர் எங்கே என்ற ஆட்சேபத்தை ஆவணம் தாக்கலாகும்போதே எழுப்ப வேண்டும், மேல்முறையீட்டில் எழுப்பக் கூடாது. அந்த அளவுக்கு உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். எதிர்த்தரப்பு சும்மா இருந்தால் நமக்கு லாபம்தான். ஆனால் உள்ளே உள்ளது எவ்வளவு நம்பத்தக்கது என்ற எடை எப்போதும் நீதிபதி கையில். எதிர்வக்கீல் தூங்குவார் என்று நம்பி நான் கட்சிக்காரரை அனுப்ப மாட்டேன். ஆட்சேபம் வந்த அன்று அந்தக் குடும்பத்துக்கு வாய்தாதான் மிச்சம். கால் போன டிரைவர் ஒருவர், டாக்டர் சாட்சியத்துக்காக நாலு வருடம் என் அலுவலகப் படி ஏறி இறங்கியதைப் பார்த்தவன் நான்.

சரி அண்ணா, ஊனம் வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். பில்லுக்கு ஆள் கூப்பிட வேண்டாம்.

பில்லுக்கு நானும் கேட்கவில்லையே தம்பி. தொகை பெரிதாக இருந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக் கணக்கர் ஒருவரை வீடியோவில் வரவழையுங்கள்.

மனைவி பெங்களூரில் மனநல சிகிச்சை எடுத்த ரெக்கார்டை எடுத்து விவாகரத்தில் போடலாமா? (கோவை)

அவர் சம்மதமில்லாமல் நீங்கள் எடுக்க முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 23ஆம் பிரிவு அவருடைய ரகசியத்தைக் காக்கிறது. தெரிந்தவர் மூலம் வாங்குவது என்ற யோசனையே வேண்டாம். வழக்குக்கு உண்மையிலேயே தேவை என்றால் குடும்ப நீதிமன்றத்தில் மனு போடுங்கள், வரவழைப்பதா வேண்டாமா என்று நீதிபதி முடிவு செய்யட்டும். சிகிச்சைக்குப் போனதை ஒரு பெண்ணின் குற்றமாகக் காட்ட நான் உதவ மாட்டேன்.

துபாய் ஆஸ்பத்திரி ரெக்கார்டு? (தஞ்சாவூர்)

வெளிநாட்டு ஆவணத்துக்கு வேறு நடைமுறை. தூதரகச் சான்றொப்பம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

ஆந்திர அரசு முத்திரை... (மோகனூர்)

வேண்டாம் ஐயா. முதல் பதிலைப் படியுங்கள்.

அண்ணா, குண்டூரில் இருக்கேன். தம்பிக்கு நாளைக்குக் காலையில் டிஸ்சார்ஜ். இப்ப என்ன செய்யணும்?

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் தம்பி. இப்போதே ரெக்கார்டு பிரிவுக்குப் போய், உங்கள் தம்பி கையெழுத்தோடு முழு கேஸ் ஷீட் கேட்டு எழுதிக் கொடுங்கள். எம்.எல்.சி. எண்ணையும், எந்த ஸ்டேஷனுக்குத் தகவல் போனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிலிம்களைச் சுருட்டாமல் வாங்குங்கள். எதையும் லேமினேட் செய்யாதீர்கள். இன்சூரன்ஸ்காரர் அசல் கேட்டால் நகலும் ரசீதும் இல்லாமல் கொடுக்காதீர்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, சாட்சியம் தேவைப்பட்டால் வீடியோவில் வருவீர்களா என்று கேட்டு அவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் கைக்கு வந்த பிறகு ஆம்புலன்ஸ் சொல்லுங்கள்.