தடுப்பூசி போட வைக்க நம்மிடம் மனவியல் தந்திரம் செய்தார்களா? வெளிநாட்டுக் கை இருந்ததா?

கொரோனா காலத்தைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? தந்திரம் இருந்தது, அதில் ரகசியமும் இல்லை. பிரிட்டன் அரசின் நடத்தை அறிவியல் ஆலோசகர்கள் 2020 மார்ச்சிலேயே, அலட்சியமாக இருப்பவர்களிடம் 'எனக்கும் ஆபத்து' என்ற உணர்வைக் கூட்ட வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள் (அது சமூக இடைவெளிக்காக, ஊசிக்காக அல்ல; பலர் குழப்பிக்கொள்கிறார்கள்).

ஊசி வந்ததும் ஆசை காட்டினார்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் 2021இல் லாட்டரியே நடத்தி, ஊசி போட்ட ஐந்து பேருக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தது. அதனால் ஊசி போடுவோர் கூடியதாகத் தெரியவில்லை என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. ஆனால் 'உங்கள் ஊசி தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிற மாதிரி சாதாரணக் குறுஞ்செய்தி வேலை செய்தது, வேடிக்கைதான்.

அப்புறம் வெளிநாட்டுக் கை. வெளியே வந்த பெரிய விவகாரங்கள் இரண்டும் ஊசிக்கு எதிரானவை. 2021இல் பிரான்ஸ், ஜெர்மனி யூடியூபர்களிடம், ஃபைசர் ஊசியைக் குறைசொன்னால் பணம் தருவதாக ஒரு விளம்பர நிறுவனம் பேரம் பேசியது. ரஷ்யத் தொடர்பு இருந்ததாகச் செய்தி. இன்னொன்று அமெரிக்க ராணுவமே செய்தது. பிலிப்பைன்ஸ் மக்களிடம் சீனாவின் சினோவாக் ஊசிக்குப் போலிக் கணக்குகளில் கெட்ட பெயர் கிளப்பியதை, ராய்ட்டர்ஸ் 2024இல் அம்பலப்படுத்தியது.