பக்கத்து வீட்டுத் துப்பாக்கி

அன்புள்ள ஐயா,

போன வருடம் நியூ ஜெர்சியிலிருந்து வெர்மான்ட்டில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் தங்கமான மனிதர். கேட்காமலே எங்கள் வாசல் பனியையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார். அவர் வீட்டில் நான்கு துப்பாக்கிகள் இருப்பதாக மகன் வந்து சொன்னதிலிருந்து, அவனை அங்கே விளையாட அனுப்பப் பயமாக இருக்கிறது. துப்பாக்கியே கூடாது என்பது என் கட்சி. இவரிடம் நான் என்ன பேச முடியும்?

பெயர் வேண்டாம்,
வெர்மான்ட்

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் பேசலாம். உரிமையிலிருந்து தொடங்காமல் பூட்டிலிருந்து தொடங்குங்கள். “பிள்ளைகள் விளையாடுகிறார்கள், துப்பாக்கிகளைப் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்? தோட்டா தனியாகத்தானே இருக்கிறது?” என்று நேராகவே கேளுங்கள். பொறுப்பான வேட்டைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், பிள்ளைகள் உங்கள் வீட்டில் விளையாடட்டும்.

அவர் பக்கமும் ஒன்று இருக்கிறது. பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்கெடுப்பில், அமெரிக்கக் கிராமப்புறத்தில் 47 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். நகரங்களில் அது 20தான். நவம்பரில் ஒரு மான் கிடைத்தால் பல வாரத்துக்கு வீட்டில் இறைச்சி இருக்கும். கூப்பிட்டால் போலீஸ் வந்துசேர நேரமாகும் ஊர்கள் அவை. சுடக் கற்றுக்கொடுத்தவர் பெரும்பாலும் அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருப்பார். ‘துப்பாக்கியே கூடாது’ என்று நாம் சொன்னால், தன்னை வளர்த்த விதமே தப்பு என்றுதான் அவர் காதில் விழும்.

கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சிதான். ஆனால் அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வெர்மான்ட் போன்ற கிராமப்புற மாநிலங்களில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். அதாவது, துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளே அதிகம் இழக்கின்றன. பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் 2009இல், ஒரு வாரத்துக்குள், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கித் தற்கொலை செய்துகொண்டார்கள். அதற்கப்புறம் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மனம் உடைந்து வரும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, நண்பர் நெருக்கடியில் இருந்தால் அவர் துப்பாக்கியைக் கொஞ்சநாள் வாங்கி வைத்திருப்பது எப்படி என்று எழுதிக் கடைகளில் வைத்தார்கள். பிறகு பல மாநிலங்கள் இதை எடுத்துக்கொண்டன. துப்பாக்கி விற்பவரே செய்த வேலை என்பதால் எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை.

உங்கள் மாநிலக் கதையும் தெரிந்திருக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் ஃபேர் ஹேவன் பள்ளியைத் தாக்கத் திட்டமிட்டதாக ஓர் இளைஞர் கைதானார். இருக்கிற சட்டமே போதும் என்றிருந்த ஆளுநர் பில் ஸ்காட், குடியரசுக் கட்சிக்காரர், அந்த வழக்கில் போலீஸ் தாக்கல் செய்த வாக்குமூலத்தைப் படித்து மனம் மாறினார். ஏப்ரலில் சட்டமன்றப் படிக்கட்டில் நின்று புதிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களில் அவர் கையெழுத்திட்டபோது, கூட்டத்தில் பலர் ‘துரோகி’ என்று கத்தினார்கள். கடையில் மட்டுமல்லாமல் தனிநபர்கள் தங்களுக்குள் விற்கும்போதும், வாங்குபவரின் பின்னணியை விசாரிப்பது கட்டாயமானது. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கத் தடை வந்தது. ஆனால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்தவருக்கு விலக்கு உண்டு. வேட்டைக் குடும்பத்துப் பிள்ளையை மனதில் வைத்து எழுதிய வரி அது. அந்த நவம்பரிலேயே ஸ்காட் மீண்டும் வென்றார். 2023இல், துப்பாக்கி வாங்க 72 மணி நேரக் காத்திருப்பும், பூட்டாமல் வைத்ததால் பிள்ளை கையில் போய் விபரீதம் நேர்ந்தால் தண்டனையும் சட்டமாயின.

அடுத்த பனிக்கு அவர் வாசலுக்கு வரும்போது ஒரு காபி கொடுத்துக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.