அப்பாவோடு உகாண்டா: ஊசியும் மாத்திரையும்

மூன்று வாரத்தில் 68 வயது அப்பாவோடு உகாண்டா போகிறீர்கள், வழக்கமாகப் போகும் கிளினிக்கில் டைபாய்டு ஊசி மட்டும் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கே நுழைய முடியாது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். சிங்கப்பூர் திரும்பி வரும்போது சாங்கி விமான நிலையத்திலும் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தவும் வாய்ப்புண்டு. ஆகவே இந்த வாரமே டான் டோக் செங் மருத்துவமனையின் பயணிகள் கிளினிக்குக்கு அப்பாயின்மென்ட் எடுங்கள்.

அப்பா விஷயம்தான் யோசிக்க வேண்டியது. மஞ்சள் காய்ச்சல் ஊசி, வலுக்குறைத்த உயிருள்ள கிருமியில் செய்த ஊசி. 60 வயதைத் தாண்டி முதன்முறை போடுபவர்களுக்கு, அபூர்வமாகத்தான் என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் ஆபத்து கூடுதல். அவர் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவர் வீட்டிலேயே இருக்கட்டும், டிக்கெட் காசு போனால் போகிறது.

மலேரியாவுக்கு ஊசியை நம்ப வேண்டாம், மாத்திரைதான். மலரோன் கொடுத்தால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்னே தொடங்கி, மலேரியாப் பகுதியை விட்டு வந்தபின்னும் 7 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஊர் வந்தாச்சே என்று பலர் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான்.

அப்புறம், திரும்பியபின் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் பெனடால் காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். அது மலேரியாவாக இருக்கலாம், ஆனால் இங்கே காய்ச்சல் என்றதும் டெங்கிதான் முதலில் நினைவுக்கு வரும். அன்றே டாக்டரிடம் போய், "உகாண்டா போய் வந்தேன்" என்று நீங்களாகவே முதலில் சொல்லுங்கள்.