டிக்கெட் தேதியைத் தரகரிடம் சொல்லாதீர்கள்

(ராணுவக் குடும்பங்களின் வீடு, மனை, இடமாற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரின் மனைவி. ஒன்பது ஊர்களில் குவார்ட்டர்ஸ் வாசம், இப்போது வேலூர் பக்கம் சொந்த வீடு.)

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ஹவில்தார். நாங்கள் செகந்திராபாத் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். இப்போது அவரை ஜம்மு பக்கம் பீல்டுக்கு (குடும்பம் கூடப் போக முடியாத இடம்) போட்டுவிட்டார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். மே மாதம் நாற்பது நாள் லீவில் வருகிறார். அதற்குள் காட்பாடிப் பக்கம் மனை வாங்கி, லோன் போட்டு, வீட்டு வேலையையும் ஆரம்பித்துவிட வேண்டும் என்று கொழுந்தனார் அவசரப்படுத்துகிறார். பையன் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– குடியாத்தத்து வாசகி, செகந்திராபாத்

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான் தங்கச்சி. எங்கள் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1998. என் வீட்டுக்காரருக்கு லீவு முடிய இரண்டு நாள். கருப்பு டிரங்குப் பெட்டியை அடுக்கி முடித்து, மூடியில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த அவர் நம்பரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த தரகர், “சாருக்கு டிக்கெட் என்னிக்கும்மா?” என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்டார். “நாளன்னிக்கு ராத்திரி” என்று வெகுளியாகச் சொல்லி, காபியும் கொடுத்தேன். அதற்கு அப்புறம் அந்த மனுஷர் விலையில் ஒரு ரூபாய் இறங்கவில்லை. மறுநாள் பத்திரம் முடிந்தது. படத்தில் இருபது அடி ரோடு. தரையில் அதில் பாதி பக்கத்து வயல்காரரின் பட்டா நிலம்! ஒன்பது வருஷம் கழித்து வீடு கட்டப் போனோம். ஜல்லி லாரி வந்த அன்று அந்த வயல்காரர் கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மேலும் தப்பில்லை, அவர் நிலம். அந்தத் துண்டுக்குத் தனியாகப் பணம் கொடுத்த பிறகுதான் லாரி உள்ளே போனது.

எங்கள் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். இதே மாதிரி லீவு கடைசியில் வாங்கி மாட்டிக்கொண்ட கதை தெருவுக்கு ஒன்றாவது கிடைக்கும்.

அதனால் பேப்பர் வேலையெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் லீவுக்கு ரயில் ஏறுவதற்கு முன்னாலேயே முடிய வேண்டும். கொழுந்தனாரிடம் சர்வே நம்பரை மட்டும் கேட்டு வாங்குங்கள். செகந்திராபாத்தில் இருந்தபடியே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். முப்பது வருஷத்துக்குப் பாருங்கள். பட்டாவும் புல வரைபடமும் ஆன்லைனில் கிடைக்கும். தாய்ப்பத்திர நகலை வேலூரிலேயே ஒரு வக்கீலிடம் கொடுத்து, எழுத்தில் கருத்து வாங்குங்கள். தரகர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத பழைய மனை, 2016 அக்டோபர் 20க்கு முன்னாலேயே பதிவானது என்றால், வரன்முறை செய்த ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்” என்று ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் லீவின் முதல் வாரத்திலேயே இரண்டு பேரும் போய் மனையை மிதித்துப் பாருங்கள். ஒரு தடவையாவது மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் நல்லது. ரோடு யார் பெயரில் இருக்கிறது என்று பக்கத்து நிலத்துக்காரரிடமே கேளுங்கள். பத்திரச் செலவையும் மறக்காதீர்கள். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்து மனைக்கு 1,80,000 ரூபாய் தனியாக வேண்டும்.

பத்திரம் யார் பெயரில்? உங்கள் பெயரில் வாங்கினால் பதிவன்று அவர் ஊரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. லீவு முடிந்தாலும் அவசரப்பட வேண்டாம். அவர் பெயரும் வேண்டும் என்றால், அந்த ஒரு மனைக்கு மட்டும் என்று எழுதி உங்களுக்குப் பவர் பதிந்துவிட்டுக் கிளம்பட்டும். கொழுந்தனாருக்குப் பவர் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அதை அப்படியே காப்பாற்றவும் இதுதான் வழி.

வீடு கட்டுவதை இப்போது தொடாதீர்கள் என்பேன். லோன் தவணையை எல்லோரும் இன்றைய சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். மூன்று வருஷத்தில் வருவது பென்ஷன். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்க்காமல் கடைசிச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொண்டால் பென்ஷன் 25,000. அதில் பாதி வரை கம்யூட் செய்து, அதாவது மாதாமாதம் வாங்காமல் விட்டுக்கொடுத்து, மொத்தமாக வாங்கலாம், எல்லோரும் வாங்குகிறோம். வாங்கினால் மாதம் கைக்கு வருவது 12,500. அகவிலைப்படி மட்டும் 25,000க்குக் கணக்கிட்டுக் கூடச் சேரும். விட்ட பாதி திரும்ப வர 15 வருஷம். இந்தத் தொகையில் தவணை கட்டிக் குடும்பம் நடத்த முடியுமா என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அந்த மொத்தப் பணம் வந்த பிறகு கட்டினால் கடனும் குறையும், மேஸ்திரி பின்னால் நிற்க ஆளும் இருக்கும். அதோடு நாற்பது சொச்சத்தில் ஓய்வு பெறுகிறவர் அடுத்த வேலையை எந்த ஊரில் பார்ப்பார் என்று இப்போது யாருக்குத் தெரியும்? ஓசூரில் கிடைத்தால் காட்பாடி வீட்டுக்குக் காவல் யார்?

பையனை அசைக்காதீர்கள். கணவர் பீல்டில் இருக்கும்போது குடும்பம் குவார்ட்டர்ஸில் தங்க வழி இருக்கிறது. கணவரைப் பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான எஸ்.எஃப். குவார்ட்டர்ஸுக்கும் கேட்கலாம். வரிசை நீளம், அதனால் லீவுக்குக் காத்திருக்காமல் இப்போதே யூனிட் மூலமாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு ஊர் மாறலாம்.

மேயில் மனை அமையாவிட்டால் போகட்டும். வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவும் 30 நாள் கேஷுவலும் இருக்கிறதே.

கேள்வி: என் கணவர் கடற்படையில் இருக்கிறார். விசாகப்பட்டினத்தில் ஒரு பிளாட் வாங்கி, அடுத்த போஸ்டிங் வந்ததும் வாடகைக்கு விடலாம் என்கிறார். சரியா?
– ஒரு வாசகி, விசாகப்பட்டினம்

பதில்: அடுத்த போஸ்டிங் அந்தமான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் சுவர் ஒழுகுகிறது என்று குடியிருப்பவர் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்வார், தெலுங்கில். பிளம்பரை யார் அனுப்புவார்கள்? அதற்கு ஒரு ஆள் பெயர் உடனே ஞாபகத்துக்கு வந்தால் வாங்குங்கள்.