எண்ணெய்க் கசிவு: அளவை யார் சொல்வது, பணத்தை யார் கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடலில் எண்ணெய் கசிந்தால் நிறுவனம் ஓர் அளவு சொல்கிறது, அரசு வேறு அளவு சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: முதல் வாரத்தில் வரும் எந்த எண்ணையும் நம்பிவிடாதீர்கள். அது எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில் விபத்து நடந்தபோது, நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் கசிகிறது என்றார்கள். சில நாட்களில் அது 5,000 ஆயிற்று. 87 நாள் கழித்துக் கசிவு நின்ற பிறகு அரசுத் தரப்பு விஞ்ஞானிகள் போட்ட கணக்கோ, தொடக்கத்தில் நாளுக்கு 62,000, முடிவில் 53,000.

பீப்பாய் எண்ணிக்கைக்கு இத்தனை சண்டை ஏன்? அமெரிக்கச் சட்டப்படி அபராதம் பீப்பாய்க் கணக்கில்தான். இந்த வழக்கில் உச்சவரம்பு பீப்பாய்க்கு 1,100 டாலர். கடும் அலட்சியம் நிரூபணமானால் 4,300. கடலில் கலந்தது சுமார் 42 லட்சம் பீப்பாய் என்று அரசு வாதிட்டது. 2015-இல் நீதிமன்றம் 31.9 லட்சம் என்று முடிவு செய்தது. இடையில் போன பத்து லட்சம் பீப்பாயை டாலரில் பெருக்கிப் பாருங்கள், வழக்கறிஞர்களின் உழைப்பு புரியும்.

கப்பல் விபத்தில் கணக்கு இதைவிட எளிது. கடைசியாக எண்ணெய் ஏற்றிய ரசீது, அதன் பிறகு தினமும் எரித்த அளவின் பதிவு, விபத்துக்குப் பின் ஒவ்வொரு தொட்டியிலும் மிச்சம் இருந்த அளவு. இந்த மூன்றையும் வெளியிடச் சொல்லிக் கேட்டாலே பாதி வாதம் அடங்கிவிடும்.

கேள்வி: விமானப் படத்தில் பத்துச் சதுர கிலோமீட்டருக்கு எண்ணெய் பரவியிருக்கிறது. ஆனால் "சில ஆயிரம் லிட்டர்தான்" என்கிறார்களே?

பதில்: பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பரப்பை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. நிறத்தையும் பார்க்க வேண்டும். வடகடல் நாடுகள் வைத்திருக்கும் பான் ஒப்பந்த நிறக் குறியீட்டின்படி, வெள்ளிபோல் மின்னும் படலத்தில் சதுர கிலோமீட்டருக்கு 40 முதல் 300 லிட்டர். வானவில் நிறம் என்றால் 300 முதல் 5,000. உலோகப் பளபளப்பு என்றால் 5,000 முதல் 50,000. அதற்கு மேல் எண்ணெயின் சொந்த நிறம், அதாவது கறுப்போ பழுப்போ, தெரியத் தொடங்கும். உங்கள் பத்துச் சதுர கிலோமீட்டர் முழுவதும் வெள்ளிப் படலமானால் மொத்தம் 400 முதல் 3,000 லிட்டர். அதற்குள் ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் தொடர்ச்சியான கறுப்புத் திட்டு இருந்தாலோ, அது மட்டுமே 2,00,000 லிட்டருக்கு மேல். படத்தை எடுத்தவர் எந்த நிறம் எவ்வளவு பரப்பில் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் அந்தப் படத்தால் பயனில்லை.

கேள்வி: சிந்தியது 100 டன், அள்ளியது 300 டன் என்கிறது செய்தி. இது எப்படி?

பதில்: கனமான எண்ணெய் அலையில் கடையப்பட்டுத் தண்ணீரை உள்வாங்கிக் கூழாகிறது. அந்தக் கூழில் 70, 80 சதவீதம்கூடத் தண்ணீர் இருக்கலாம். பருமன் மூன்று முதல் ஐந்து மடங்காகும். கரையில் அள்ளினால் மணலும் பாசியும் சேரும். ஆகவே "அள்ளிய டன்" என்பது எண்ணெயின் அளவே அல்ல. திறந்த கடலில் இயந்திரங்களால் மீட்கப்படுவது பெரும்பாலும் 10-15 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

கேள்வி: "அது எங்கள் எண்ணெய் இல்லை" என்று கைவிரித்தால் எப்படி நிரூபிப்பது?

பதில்: ஆய்வகத்தில் நிரூபிக்கலாம். கேஸ் குரோமட்டோகிராபி (ஆவியாக்கிச் சேர்மங்களைப் பிரித்தறியும்) முறையில் எண்ணெயிலுள்ள ஹோபேன், ஸ்டெரேன் போன்ற சேர்மங்களின் விகிதத்தைப் பார்ப்பார்கள். வெயிலிலும் அலையிலும் இலகுவான பகுதி ஆவியாகிப் போனாலும் இந்த விகிதம் எளிதில் மாறாது.

பெரும்பாலும் சொதப்புவது ஆய்வகத்தில் இல்லை, மாதிரி எடுக்கும் இடத்தில். சுத்தமான கண்ணாடிக் குப்பி வேண்டும். பிளாஸ்டிக் குப்பியிலிருந்து வரும் சேர்மங்கள் முடிவைக் குழப்பும். மூடியின் உள்பக்கம் டெஃப்லான் பூச்சு இருக்கட்டும். கெட்டியான எண்ணெய் என்றால் 30-50 மில்லி போதும். மெல்லிய படலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரோடு எடுங்கள். வெளிச்சம் படாமல் சுமார் 4 டிகிரி குளிரில் வையுங்கள். எடுத்த இடம், நேரம், எடுத்தவர் பெயர், பிறகு யார் கைக்கு மாறியது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தச் சங்கிலி அறுந்தால் நீதிமன்றத்தில் குப்பிக்கு மதிப்பில்லை. முக்கியமாக, சந்தேகத்துக்குரிய கப்பலின் தொட்டியிலிருந்தும் மாதிரி வேண்டும். ஒப்பிட எதுவும் இல்லாமல் கரையிலிருந்து நூறு குப்பி எடுத்து என்ன செய்வது?

கேள்வி: ரசாயனம் தெளித்துச் சீக்கிரம் சுத்தம் செய்யாமல் அதிகாரிகள் ஏன் தயங்குகிறார்கள்?

பதில்: தயங்குவது சில சமயம் நல்லது. 1967-இல் டோரி கேன்யன் கப்பல் உடைந்தபோது இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் கொட்டிய சலவை ரசாயனங்கள் எண்ணெயைவிட அதிகமாகக் கரையோர உயிர்களைக் கொன்றன. 1989-இல் அலாஸ்காவில், எக்ஸான் வால்டஸ் கப்பல் கசிவுக்குப் பின் பாறைகளை உயர் அழுத்த வெந்நீரில் கழுவினார்கள். பார்வைக்குச் சுத்தம், பாறையில் ஒட்டியிருந்த உயிர்களோ வெந்துபோயின. இன்றைய ரசாயனங்கள் அன்றைய அளவு நச்சானவை அல்ல. ஆனால் அவை எண்ணெயை மறையச் செய்வதில்லை. மேற்பரப்பிலிருந்து நீருக்குள் அனுப்புகின்றன. ஆழமற்ற நீரிலும் பவளப்பாறை அருகிலும் அது தவறான பேரம்.

கேள்வி: "மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்" என்கிறார்கள். முழுத்தொகையும் கட்டுகிறார்களா?

பதில்: எங்கிருந்து கசிந்தது என்பதைப் பொறுத்தது. எண்ணெயைச் சரக்காக ஏற்றும் டேங்கர் என்றால், எண்ணெய் மாசுக்கான 1992 பன்னாட்டுப் பொறுப்பு உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், கப்பல் உரிமையாளரின் தவறை நிரூபிக்கத் தேவையே இல்லை. ஆனால் அதற்கு ஈடாக உச்சவரம்பு உண்டு: மிகப் பெரிய கப்பலுக்கும் 8.977 கோடி எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப். எனும் பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அது போதாதபோது, எண்ணெய் மாசு இழப்பீட்டுக்கான 1992 நிதியில் சேர்ந்த நாடாக இருந்தால் உரிமையாளர் தொகையையும் சேர்த்து 20.3 கோடி வரை கிடைக்கும்.

சரக்குக் கப்பலின் எரிபொருள் கசிந்தால் அந்த நிதி கிடையாது. 2020-இல் மொரிஷியஸில் தரைதட்டிய வகாஷியோ அப்படிப்பட்ட கப்பல். ஏறக்குறைய 1,000 டன் கசிந்தது, டேங்கர்களுக்கான அந்த இரண்டாவது கதவு திறக்க வழியில்லை. கடலடிக் கிணற்றுக்கு அந்த உடன்படிக்கையும் நிதியும் இரண்டுமே பொருந்தாது, அந்தந்த நாட்டுச் சட்டம்தான்.

இன்னொரு விஷயம் மக்களுக்கு எரிச்சலூட்டும்: டேங்கர்களுக்கான உடன்படிக்கையில் இறந்த ஆமைக்கோ மீனுக்கோ விலைபோட்டுக் கேட்க முடியாது. இயற்கையை மீட்க உண்மையில் செய்த, அல்லது செய்யவிருக்கும் நியாயமான வேலையின் செலவைத்தான் கேட்கலாம். பிரான்சில் எரிகா என்ற டேங்கரின் கசிவு வழக்கில், 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சூழலுக்கு நேர்ந்த சேதத்தையே தனி இழப்பாக ஏற்றது. அந்தப் பாதையில் மற்ற நாடுகளும் போகலாமே என்பது எங்கள் கருத்து.

கேள்வி: மீன்பிடித் தொழிலில் இருப்பவர் முதலில் என்ன சேகரிக்க வேண்டும்?

பதில்: கசிவுக்கு முந்தைய மூன்று ஆண்டு விற்பனைச் சீட்டுகள், டீசல் ரசீதுகள், படகுப் பதிவு. வருமானம் குறைந்ததைக் காட்ட வேண்டுமென்றால் முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். பாழான வலையைத் தேதியோடு படமெடுக்காமல் தூக்கியெறியாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் ஆபத்து: டேங்கர் விஷயத்தில் சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் நீதிமன்ற வழக்குத் தொடுக்க வேண்டும், வெறும் மனு அந்தக் கெடுவை நிறுத்தாது.